ஸ்தோத்திரக் காணிக்கை

பாளையங்கோட்டைக் கோயிலில் ஞாயிறு ஆராதனை. போதகர் ஐயர் காணிக்கை உறையைப் பார்த்து வாசிக்கிறார்: "தங்கை டெபோராவைப் பெருந்தீங்கிலிருந்து விடுவித்த கர்த்தருக்கு, அக்கா இன்பமணி செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை." மின்விசிறிக் காற்றில் டெபோராவின் முக்காடு நழுவுகிறது. காதலன் கிங்ஸ்டன் முறுக்கிய மணிக்கட்டு, முழுக்கை ரவிக்கைக்குள் இன்னும் மஞ்சளாகக் கன்றியிருக்கிறது. மடியில், பாட்டுப் புத்தகத்துக்கு அடியில், கைபேசி அதிர்கிறது. அவன்தான். "வெளிய வேப்பமரத்தடில நிக்கேன். பைய வா." பைக்கில் அவன் சாய்ந்து நிற்கும் விதம் பார்க்காமலே தெரிகிறது; நெஞ்சு வெட்கமில்லாமல் துள்ளுகிறது. கண் கலங்குகிறது. அதை நன்றிக் கண்ணீர் என்றே நினைக்கிறாள் பக்கத்தில் இருக்கும் இன்பமணி. "அழாத பிள்ள. அதான் எல்லாம் முடிஞ்சிட்டுல்லா" என்று கையைப் பிடிக்கிறாள், வலிக்குமே என்று மணிக்கட்டை விட்டுவிட்டு விரல்களை மட்டும். டெபோராவின் மறு கைக் கட்டைவிரல் "வாரேன்" என்று அனுப்புகிறது. சபை "ஆமென்" சொல்கிறது. டெபோராவும் சொல்கிறாள், அக்காவுக்குக் கேட்கும்படி.