பல் தடம்

“யார் கடிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க மேடம். மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

லலிதா மகளின் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். இரண்டேகால் வயது ஸ்ரீஜாவின் முழங்கைக்குக் கீழே பற்கள் வட்டமாகப் பதிந்து சிவந்திருந்தன. ஸ்ரீஜா அழுது முடித்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

எலிசபெத் மேடம் போலாரத்தில் இருபது வருஷமாக அந்த ப்ளே ஸ்கூலை நடத்துகிறவர். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர்.

“ஐஸ் வெச்சாச்சும்மா. தோல் கிழியல. சாயங்காலத்துக்குள்ள அடங்கிடும்.”

“ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தேன். உங்க போன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கேன். வேலைக்குத் திரும்பி நாலு மாசம்தான் ஆகுது. வீட்டுக்காரர் புனேயில. இந்த ஊர்ல எனக்குன்னு யாரும் இல்ல. உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போறேன்?”

சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது.

“உமேஷ்தானே? இவ ‘உமே, உமே’ன்னு கையைக் காட்டறா.”

“ஹவ், ஆமா, அவன்தான்.” மேடம் சங்கடப்பட்டார். “அவங்கம்மாவுக்கும் போன் பண்ணியிருக்கேன். வந்துட்டே இருக்காங்க.”

ஐந்து நிமிஷத்தில் தேஜஸ்வினி வந்துவிட்டாள். வாசலில் பிள்ளைகளை விடும்போது பார்த்துத் தலையசைக்கிற பழக்கம்தான் இருவருக்கும். சித்தூர்க்காரி, தமிழ் நன்றாகப் பேசுவாள். சப்பாத்தி மாவு இன்னும் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வந்ததும் முதலில் குனிந்து ஸ்ரீஜாவின் கையைப் பார்த்தாள். மெல்ல ஊதிவிட்டாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

“சாரிங்க. தப்புதான். வீட்டுல சொல்லி வெக்கிறேன்.”

“சொல்லி வெச்சா போதுமா? என்ன வளர்ப்பு இது? நாள் பூரா வீட்டுலதானே இருக்கீங்க. ஒரு பிள்ளையைக் கவனிக்கக்கூட முடியாதா?”

கூட்டிப்போக வந்திருந்த இரண்டு மூன்று அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேஜஸ்வினி விரலில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தாள்.

“வேணும்னா ஒரு வாரம் அவனை அனுப்பாம இருக்கேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, பையனை அழைத்து வர உள்ளே போனாள்.

லலிதாவுக்கு அது போதவில்லை.

“ஒரு வாரமெல்லாம் இல்ல மேடம். அந்தப் பையனை நிறுத்துங்க. இல்லேன்னா பேரன்ட்ஸ் குரூப்ல போட்டோவோட எழுதுவேன். இது முதல் தடவையா இருக்காது. யாராவது கடிச்சா நோட்டுல எழுதி வெப்பீங்கல்ல? அதைக் காட்டுங்க.”

“நக்கோ மா. அது வேண்டாம். குழந்தையைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ.”

“அப்ப எதையோ மறைக்கறீங்க.”

மேடம் மேஜை டிராயரைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார்.

லலிதா வேகமாகப் புரட்டினாள். தேதி, காயம்பட்ட குழந்தை, கடித்த குழந்தை, பெற்றோர் கையெழுத்து என்று கட்டம் போட்டிருந்தது. ஜூலையில் காயம்பட்டது உமேஷ். மறு வாரமும் உமேஷ். கன்னம், தோள், விரல் என்று ஏழு தடவை உமேஷ். ஏழு தடவையும் தேஜஸ்வினியின் கையெழுத்து.

கடித்த குழந்தை என்ற கட்டத்தில் ஏழு இடத்திலும் ஸ்ரீஜா.

லலிதா மறுபடி முதலிலிருந்து படித்தாள். பெயர் மாறவில்லை.

“எனக்கு ஏன் சொல்லல மேடம்?” குரல் கீழே இறங்கியிருந்தது.

“முதல் நாளே உன்னைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். அந்தப் பொண்ணு தேஜஸ்வினிதான் வேணாம்னுது. ‘பேச்சு முழுசா வராத வயசு, நாம பக்குவமா மாத்திடலாம்’னு சொல்லுச்சு. நானும் கேட்டுட்டேன். உங்கிட்ட சொல்லியிருக்கணும், என் மேலயும் தப்புதான். அன்னியிலேருந்து ஆயாம்மாவை ஸ்ரீஜா பக்கத்துலயே உக்கார வெச்சோம். கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, இப்ப மூணு வாரமா அவ யாரையும் கடிக்கல. இப்பல்லாம் கோபம் வந்தா ‘நோ’ன்னு சொல்றா. இன்னிக்குத்தான் உமேஷ் முதல் தடவையா கடிச்சிருக்கான்.”

லலிதா ஸ்ரீஜாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

தேஜஸ்வினி ஸ்கூட்டரின் முன்னால் உமேஷை நிறுத்தி, சாவியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கன்னத்தில், பார்த்தால்தான் தெரிகிற மாதிரி, ஆறிப்போன தழும்பு ஒன்று இருந்தது.

“நாளைக்கு உமேஷை அனுப்பிடுங்க. நிறுத்தாதீங்க” என்றாள் லலிதா. “உள்ள நான் பேசினது ரொம்ப அதிகம். என்னை மன்னிச்சுடுங்க.”

“பரவாயில்லைங்க. குழந்தைக்கு அடிபட்டா யாருக்கும் அப்படித்தான் வரும்.”

“உங்க பிள்ளைக்கு ஏழு தடவை பட்டிருக்கு. ஒரு தடவைகூட எங்கிட்ட வந்து கேக்கலையே, ஏங்க?”

தேஜஸ்வினி உமேஷின் தலையைக் கோதிவிட்டாள்.

“முன்ன நான் அமீர்பேட்ல கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்துட்டிருந்தேன். என் மூத்தவன் இந்த வயசுல ஒரு குழந்தையைக் கடிச்சுட்டான். அவங்கம்மா எல்லார் முன்னாடியும், பிள்ளையை வளர்க்கத் தெரியாதவளுக்கு வேலை எதுக்குன்னு கேட்டாங்க. தாங்க முடியாம மறுநாளே வேலையை விட்டுட்டேன். நீங்களும் விட்டுடக் கூடாதுன்னுதான் சொல்லலைங்க.”