ஷூ பெட்டியில் எடி மாரோ

"பெட்டியை முதல்ல எடுத்தது நான்," என்றான் வென்டல், அந்தப் பழைய ஷூ பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி.

"எடுத்துட்டா உங்களதாயிடுமா பாஸ்? காசு குடுத்தவன்தானே சொந்தக்காரன்," என்று சிரித்தான் சிவப்புத் தொப்பிக்காரன்.

ஓஹாயோவில் கோடை வந்துவிட்டால், சனிக்கிழமை காலையில் தெருவுக்கு நாலு வீட்டில் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். வென்டல் நாற்பத்தாறு வயதில் மறுபடியும் பையனாகி, பேஸ்பால் ஆட்டக்காரர்கள் படம் போட்ட கார்டு தேடி அந்த வாசல்களில் அலைய ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. சின்ன வயதில் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததையெல்லாம், அவன் கல்லூரிக்குப் போன கையோடு அம்மா குப்பையில் கொட்டிவிட்டாள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இன்றைக்கு இந்தப் பெட்டிக்குள் கார்டுகளை விரல் நுனியால் தள்ளிக்கொண்டே வந்தவன், நடுவில் ஒரு முகத்தைப் பார்த்துத் திக்கென்று நின்றான். எடி மாரோ. அந்தப் பெரிய ஆட்டக்காரன் ஆட வந்த முதல் வருடத்துக் கார்டு. முனை மழுங்காமல் இருந்தால் அதை விற்று ஒரு புதுக் காரே வாங்கலாம். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த விலை, மொத்தமாக இருபது டாலர்.

இப்படி ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது கார்டு பைத்தியங்கள் எல்லோருக்கும் அத்துப்படி. கார்டை வெளியே எடுக்கவே கூடாது. முகத்தில் எதையும் காட்டக் கூடாது. மூடியைப் போட்டு, வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, காசைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். வென்டல் மூடியைப் போட்ட நேரம் பார்த்துத்தான் இந்தத் தொப்பிக்காரன் பக்கத்தில் வந்து முளைத்தான்.

"மேடம், நான் அம்பது தர்றேன்."

வீட்டுக்காரி லொரேன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ் டீ உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். "அம்பதா? அந்தப் பழைய அட்டைங்களுக்கா?"

"நூறு," என்றான் வென்டல்.

"நூத்தம்பது. என்ன பாஸ், இப்படி வேர்க்குது? உள்ள தங்கம் கிங்கம் பார்த்துட்டீங்களா?"

"வெயில்ல வேர்க்காம குளிரவா செய்யும்? முந்நூறு."

சொன்ன பிறகுதான் வென்டல் நாக்கைக் கடித்துக்கொண்டான். இப்படித் தாவினால் குட்டு வெளிப்பட்டுவிடாதா? தொப்பிக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் தூக்கினான்.

"நமக்கு அவ்வளவு வசதி இல்லப்பா. நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க," என்று விற்பனைக்கு வைத்திருந்த புல்வெட்டும் இயந்திரத்தின் பக்கம் நகர்ந்தான்.

வென்டல் பணத்தை நீட்டினான். லொரேன் வாங்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? இது செத்துப்போன என் வீட்டுக்காரர் சேர்த்தது. எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது. இவ்வளவு குடுக்கறீங்களே, உள்ள நல்ல விலை போறது ஏதாவது இருக்கா? வேணும்னா ஒவ்வொண்ணா வெளிய எடுத்துப் பாருங்களேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

தொப்பிக்காரன் இன்னும் தள்ளித்தான் நிற்கிறான், போகவில்லை.

"எடுக்கவெல்லாம் வேண்டாங்க. சின்ன வயசு ஆசை, அவ்வளவுதான். உள்ள எல்லாம் சாதாரணக் கார்டுதான்."

"அப்ப சரி. உங்க முகத்தைப் பார்த்தா பொய் சொல்ற ஆள் மாதிரி தெரியல." பணத்தை வாங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள்.

காரில் அவன் மனைவி மார்சி காத்திருந்தாள். அவன் மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கார் இரண்டு தெருவைத் தாண்டிவிட்டது.

"சரி, எடுத்துக் காட்டு."

"டோனட் தின்ன கை இது. எண்ணெய் பட்டா பாதி விலை போயிடும். வீட்டுக்குப் போய்க் கை கழுவிட்டுத்தான் தொடணும்."

"செத்துப்போன புருஷனோடதுன்னு சொன்னாங்களா?"

"ம்."

"உள்ள ஏதாவது இருக்கான்னும் கேட்டாங்க. நீ இல்லன்னுட்ட."

வென்டல் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினான்.

"உங்கம்மா குப்பையில போட்டதுக்கு இந்தம்மா என்ன பண்ணுவாங்க, வென்டல்?"

சிவப்பு விளக்கு பச்சையானது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். வென்டலுக்கு அவமானமாக இருந்தது. காரைத் திருப்பினான்.

அந்தத் தெருவுக்குள் நுழையும்போது அவன் முடிவே கட்டிவிட்டான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. விற்று வருவதில் பாதியை அந்த அம்மாவிடம் கொடுத்துவிடுவது. திட்டினால் வாங்கிக்கொள்வது. மனசு லேசாகிவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

வாசல் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில், பாதி திறந்திருந்த கராஜுக்குள் பேச்சுக் குரல் கேட்டது. கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே லொரேன் இன்னொரு ஷூ பெட்டியின் மேல் இருபது டாலர் விலைச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நடுவுல சொருகுடா. மேல வச்சா எடுத்துத் திருப்பிப் பார்த்து, புதுசா அச்சடிச்சதுன்னு கண்டுபிடிச்சுடுவானுங்க. நடுவுல பார்க்கறவன் எவனும் வெளிய எடுக்கவே மாட்டான்."

"சரிம்மா," என்ற சிவப்புத் தொப்பிக்காரன், கையிலிருந்த எடி மாரோ கார்டுக் கட்டிலிருந்து இன்னொன்றை உருவினான்.