கறுப்பு டேப்

பட்டப்பகலில் குளியலறையை இருட்டாக்கிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலில் போர்வை, கதவிடுக்கில் துண்டு, மடியில் தங்கை வாங்கித்தந்த பிளாஸ்டிக் ஃபிலிம் கேமரா. போன சுருளில் எல்லாப் படத்திலும் தங்கையின் முகத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்திருந்தது. ஒளி எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க, சாவிக்கொத்து டார்ச்சை எரியவிட்டுக் கேமராவுக்குள் வைத்து மூடியிருக்கிறாள். கீலோரம் ஊசிமுனையாய் ஒரு வெளிச்சம் எட்டிப் பார்க்கிறது. கறுப்பு டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டுகிறாள். உடனே கொக்கிப் பக்கம் இன்னொன்று. அதை அடைத்தால் மூலையில் வேறொன்று. விரலெல்லாம் பிசுபிசுக்கிறது, கால் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது. வெளியே தங்கையின் பயணப் பெட்டியின் சக்கரங்கள் தடதடவென்று வாசலுக்கு உருள்கின்றன.

"அக்கா, டாக்ஸி தெருமுனைக்கு வந்தாச்சு. போன்ல எடுத்துக்கலாம், வா."

"அஞ்சு நிமிஷம். இப்போ போனா ரெண்டு வருஷம் வர மாட்டே. இந்தத் தடவையாவது உன் முகம் ஒழுங்கா விழட்டும்."

"என் முகம் எங்கேயும் ஓடிப் போகாது."

அக்கா சுற்றிச் சுற்றி ஒட்டுகிறாள். கடைசிப் புள்ளியும் அணைந்து இருட்டு முழுசாகிறது. அப்பாடா என்று கதவைத் திறந்து ஓடுகிறாள். டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிறார். தங்கை முடியை ஒதுக்கிக்கொண்டு நிற்கிறாள். கேமராவைக் கண்ணருகே உயர்த்தும்போதுதான், இன்னும் போடாத புது ஃபிலிம் சட்டைப் பையில் இடிக்கிறது. டேப்பின் நுனியை நகம் தேடுகிறது, அகப்படவில்லை. உள்ளே டார்ச் எரிந்துகொண்டே இருக்கிறது, ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே வராமல்.