சரியாத இடம்

அந்த ஐப்பசியில் குற்றால மலைத் தண்ணீர் வந்து, இலத்தூர்ப் பக்கத்துக் குளம் ஒன்று நிறைந்து கரை ஊறிவிட்டது. மண் நகர்கிறதா என்று பார்க்க, ஓவர்சியர் பரீது கரையின் வெளிச்சரிவில் நேர்கோடாக முளைக்குச்சிகள் அடித்தார். மறுநாள் குச்சிகள் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தன. கரையடியில் இருந்த மாரித்தாயின் குடிசைக்கு நேர்மேலே இருந்தவை மட்டும் அடித்த இடத்திலேயே நின்றன. அங்கேதான் சரிவு மிகவும் செங்குத்து.

போன வருஷம் கரை உடைந்தபோது, அந்த இடத்தில் மண்மூட்டை அடுக்கப் போன அவள் கணவன் சொரிமுத்து புதைந்துபோனான். எவ்வளவு தோண்டியும் உடல் கிடைக்கவில்லை. அந்த இடத்தின் மேலேயே மறுபடி கரையைக் கட்டினார்கள். அவள் அந்தக் கரையடியிலேயே தனியாகக் குடியிருந்தாள்.

“அக்கா, மதகத் தொறந்துட்டேன். இருந்தாலும் கரை எப்ப வேணாலும் சரியும். தங்கச்சி வீட்டுக்குப் போயிருங்க.”

“இங்கன சரியாது தம்பி. அவுக முட்டுக்கொடுத்து நிக்காவ. ஒங்க குச்சிக்கு என்ன தெரியும்?”

“அவுகளும் எத்தன நாளைக்குத்தான் நிப்பாவ?” என்றார் பரீது.

மாரித்தாய் சரிவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சட்டி பானைகளைக் கூடையில் அள்ளினாள். கரையில் கை வைத்து, “நான் போறேன். நீங்களும் விட்டுருங்க” என்றாள்.

அவள் வயலைத் தாண்டியதும் சரிவு சத்தமில்லாமல் இறங்கி, குடிசையைக் கூரைவரை மூடியது. அன்று மழை இல்லை.

பரீது போய்ப் பார்த்தார். கரையின் உள்பாதி உடையாமல் நின்றது. அதன் ஈர மண்ணில், ஓர் ஆள் முதுகு சாய்த்து நின்ற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்துக்குள் மட்டும் மண் காய்ந்திருந்தது. தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது.