சராசரியைக் கெடுத்தவர்

பணக்காரக் குடியிருப்புகளின் பட்டியலில் இந்த வருடமும் இரண்டாமிடம்தான். காலனிச் செயலாளர் கூட்ட மேசையை ஓங்கித் தட்டினார்.

"யாருய்யா நம்ம சராசரி வருமானத்தைக் கெடுக்கிறது?"

"வீட்டோட தங்கியிருக்கிற டிரைவருங்க, சமையல்காரங்க சார். அவங்களையும் இங்கே குடியிருக்கிறவங்களாத்தான் எண்ணுறாங்க," என்றார் கணக்காளர்.

"எல்லாரையும் வெளியே குடிபோகச் சொல்லு. காலையில வந்து, வேலையை முடிச்சிட்டுக் கிளம்பட்டும்."

"எங்க சமையல்காரம்மாவுக்கு முட்டிவலி. தினமும் எப்படி..." என்று இழுத்தார் டாக்டர்.

"இரக்கப்பட்டா இரண்டாமிடத்துலயே கிடக்க வேண்டியதுதான் டாக்டர்!"

கணக்காளர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். "அப்பவும் மயிரிழையில முதலிடம் தப்பிப்போகுது சார். இன்னும் ஒருத்தர் இருக்கார். நல்லா வளர்ந்த ஆள்தான். ஆனா ஒத்தைப் பைசா வருமானம் கிடையாது."

"உட்கார்ந்து தின்ன இது என்ன மாமியார் வீடா? யாரா இருந்தாலும் இன்னைக்கே வெளியேத்து. தீர்மானம் எழுது!"

கணக்காளரின் பேனா நகரவில்லை. அதுவரை வாயே திறக்காமல் இருந்த காலனித் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதிக்கய்யா," என்றவர், செயலாளர் பக்கம் திரும்பினார்.

"மாமியார் வீடேதான், மாப்பிள்ளே. என் பொண்ணு சம்பாதிக்கிறா, அவ இருக்கட்டும். நீங்க மூட்டையைக் கட்டுங்க."