பத்துக்குப் பத்து

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராசிரியர்கள். இந்தப் பக்கம் அவள் ஒருத்தி. நிதியியல் முதுகலையின் கடைசி வாய்மொழித் தேர்வு.

"குடியிருந்த வீட்டையும் வித்து, மொத்தத்தையும் ஒரே முதலீட்டுல போட்டிருக்கு உங்க ஆய்வேட்டுல வர்ற இந்தக் குடும்பம். ரிஸ்க்குக்கு எத்தனை மார்க் போட்டீங்க?"

"பத்துக்குப் பத்து, சார். சுத்த முட்டாள்தனம்."

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லலையாம்மா?"

மூவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

"அப்படி எதுலதான் போட்டாங்க?"

"அதை வெளியில சொல்ல வேண்டாமே, சார்."

முதல் வகுப்பு கிடைத்தது. விடுதிக்கு வந்ததும் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

'அன்புள்ள அண்ணா, தேறிவிட்டேன். நம் வீட்டை விற்று நீ என்னைப் படிக்கவைத்தது வீண்போகவில்லை. என் ஆய்வேட்டைப் படிக்க ஆசைப்பட்டு எழுதியிருந்தாய். கைவசம் பிரதி இல்லை.'

மடியில் கிடந்த பிரதியைப் பெட்டிக்கடியில் தள்ளிவிட்டு, உறையை ஒட்டித் தபாலில் சேர்த்தாள்.