அக்கா தொடங்கிய வாக்கியம்

மாலை வெயில் ஆய்வுக்கூடத்து மேசையில் சரிந்து கிடக்கிறது. அந்தரங்கம் காக்கும் மொழிக்கருவி என்பது தங்கையின் முதுகலை ஆய்வு. நாம் தொடங்கும் வாக்கியத்தை அது முடித்துத் தரும். பார்க்க வந்த அக்கா, "நானும் ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டுமாடி?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். கைக்குப் பழகிய சொற்களை ஒற்றை விரலால் தட்டுகிறாள்: "எல்லாரும் தூங்கினப்புறம்". திரை தொடர்கிறது: "குழாயைத் திறந்து விட்டுட்டு அழறேன், அவருக்குக் கேக்கக் கூடாதுன்னு." தங்கைக்கு மட்டும் அக்கா அனுப்பிய செய்தி அது. கருவியைப் பழக்கத் தரவு போதாமல், பெயர்களை மட்டும் அழித்துவிட்டு, அக்காவிடம் கேட்காமலே தங்கை அதை உள்ளே ஊட்டியிருக்கிறாள். அக்காவின் விரல் விசைமேலேயே நிற்கிறது. தங்கையால் நிமிர முடியவில்லை. பக்கத்து மேசைத் தோழி எட்டிப் பார்த்து, "அப்படியே மனுஷங்க எழுதின மாதிரியே இருக்கு!" என்று கைதட்டுகிறாள். சற்றுத் தாமதமாக, அக்காவும் சேர்ந்து தட்டுகிறாள்.